போளில் எல்லோரும் ஒட்டுறவாக இருந்தது நிஜந்தானா?

9 நவம்பர் 2024, மாலை (கேள்வி)

எங்கள் குடியிருப்பில் 140 வீடு. நாலு வருஷமாகிறது, எதிர்வீட்டுக்காரர் பேர் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஆட்களுக்கு மனசு பெரிசு, அதனால் தெருவே ஒரு குடும்பமாக இருந்தது. இப்போது மனசு சுருங்கிப்போச்சு. இதுதான் என் கட்சி. அகமதாபாத் போள், பழைய டெல்லி மொகல்லா, கல்கத்தா பாடா என்றெல்லாம் பழைய தெருக்குடியிருப்புகளைப் புகழ்கிறார்களே, அங்கே குடியிருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நிஜமா, இல்லை வெறும் பழைய நினைப்பா?

9 நவம்பர் 2024, இரவு

நான் குடியிருந்திருக்கிறேன். 1998 ஜூனிலிருந்து 2004 மே வரை, அகமதாபாத் பழைய நகரத்தில், காடியா பக்கம் ஒரு போளில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு. கல்யாணம் ஆகித் திருநெல்வேலியிலிருந்து நேரே அங்கேதான் போனேன்.

நிஜந்தான். ஆனால் மனசு பெரிசு என்ற காரணம் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போள் தெரியாதவர்களுக்கு: நம்ம ஊர் வளவு தெரியுமா? ஒரே வாசலுக்குள் பத்து வீடு, நடுவில் பொதுமுற்றம். அதையே ஒரு தெருவளவுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வாசல், மேலே காவல்காரர் இருக்க ஓர் அறை. உள்ளே நுழைந்தால் ஒரு சந்து, அதிலிருந்து கிளைச் சந்துகள், பெரும்பாலும் முட்டுச்சந்துகள். வீட்டுக்கு வீடு பக்கச்சுவர் ஒன்றேதான். வாசலில் ஓட்லோ, அதாவது திண்ணை. நடுவே கோயிலோ, தேராசர் என்கிற சமணர் கோயிலோ, கிணறு, பறவைகளுக்குத் தானியம் போட ஒரு சபூத்ரோ. சபூத்ரோ என்பது உயரமான தூணின் தலையில் சின்ன மண்டபத்தை ஏற்றிவைத்தது போல இருக்கும். நுழைவாசலில் ஒரு கரும்பலகை. யார் தவறினார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், நாளைக்குத் தண்ணீர் வராது, எல்லாம் அதில் சாக்பீஸில் வந்துவிடும்.

ராத்திரி 11 மணிக்கு வாசல் கதவை அடைத்துவிடுவார்கள். உள்ளே ஒரு பயமும் இல்லை. பாக்கியை நாளைக்கு எழுதுகிறேன்.

10 நவம்பர் 2024

மனசு காரணம் இல்லை என்றால் வேறு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர்.

அங்கே பழைய வீட்டின் நடுமுற்றத்துக்கு அடியில் டாங்கா இருக்கும். சுண்ணாம்பு பூசிய நிலவறைத் தொட்டி. கூரையில் விழுகிற மழை குழாய் வழியாக அதில் இறங்கும். முதல் மழையை உள்ளே விடமாட்டார்கள், அது கூரை கழுவின தண்ணீர். வெயில் படாது, காற்று படாது, வருஷம் பூரா கெடாது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வீட்டில் மூடியைத் திறந்து, முற்றத்து வெயிலைக் கண்ணாடியில் வாங்கி உள்ளே அடித்துக் காட்டினார். அடித்தரை வரைக்கும் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் வந்து நூறு வருஷம் ஆகியும் பருப்பு வேக அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்பார் அவர் அம்மா.

குழாய்த் தண்ணீர் வந்த கதையும் சொல்ல வேண்டியது. அந்த ஊரில் முதல் பஞ்சாலையை ஏற்படுத்திய ரண்சோட்லால் சோட்டாலால்தான் நகராட்சித் தலைவராக இருந்து, ஏகப்பட்ட எதிர்ப்புக்கு நடுவே 1890களின் தொடக்கத்தில் குழாயைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் கிணறும் டாங்காவுந்தான்.

2000ஆம் வருஷம் குஜராத்தில் கடும் வறட்சி. எங்கள் சந்தில் குழாயில் காற்றுத்தான் வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் டாங்காவைத் திறந்துவிட்டார். வீட்டுக்கு ஒரு செப்புக்குடம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஐந்து பேருக்கு மேல் இருக்கிற வீட்டுக்கு ஒன்றரை. இந்தக் கணக்குப் போட வேண்டும் என்றால் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் மாசமாக இருக்கிறாள், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது. ஒரு நாள்கூடச் சண்டை வரவில்லை.

கணக்குத் தெரிந்ததால் பங்கு வைக்க முடிந்தது. பங்கு வைத்துப் பழகினதால் பாசம் வந்தது. இந்த வரிசையைத்தான் நான் சொல்ல வருகிறேன். நீங்கள் பாசத்தை முதலில் வைக்கிறீர்கள்.

10 நவம்பர் 2024, பிற்பகல்

இன்னொன்று விட்டுப்போச்சு. மாடிப்படி. ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், பிடித்து ஏறக் கயிறு தொங்கும். மாசமாக இருந்தபோது கடைசி இரண்டு மாசம் நான் கீழே இறங்கவே இல்லை. காய்கறிக்காரர் வந்தால் கூடையில் காசைப் போட்டுக் கயிற்றில் இறக்குவேன். கீழே ஓட்லோவில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களே பேரம் பேசி, சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கித் தள்ளிவிட்டு மேலே அனுப்புவார்கள். மீதிச் சில்லறை கூடையில் வந்துவிடும். யார் வாங்கித் தந்தார்கள் என்று பல நாள் எனக்குத் தெரியாது.

12 நவம்பர் 2024

"வாட்கி வஹேவார்" பற்றி எழுதாமல் போளைப் பற்றி எழுதினதாகவே ஆகாது.

வாட்கி என்றால் கிண்ணம். வஹேவார் என்றால் கொடுக்கல் வாங்கல். இரண்டு வீட்டுக்குள் கிண்ணம் போக்குவரத்து இருக்கிறது என்றால் உறவு இருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை தால்-டோக்ளி (பருப்பில் கோதுமை மாவுத் துண்டு போட்டு வேகவைப்பது) பண்ணினால் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கு. சர்க்கரை தீர்ந்தால் ஒரு கிண்ணம் அங்கிருந்து இங்கே. வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பக் கூடாது. நம்ம ஊரிலும் அப்படித்தானே. அம்மா கடைசிக்கு ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் அனுப்புவாள்.

எனக்குக் குஜராத்தி சுத்தமாகத் தெரியாத முதல் மூன்று மாசம் இந்தக் கிண்ணந்தான் பேச்சு. பக்கத்து வீட்டு பாபி (பாபி என்றால் அண்ணன் மனைவி, எங்கள் ஊரில் மதினி) ஒரு நாள் கடி அனுப்பினார்கள். கொத்தமல்லி போட்ட இனிப்பு மோர்க்குழம்பு. மறுநாள் அதே கிண்ணத்தில் எங்கள் ஊர்ச் சொதி போச்சு. அன்று சாயங்காலம் பாபி வந்து எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் எப்படிப் பிழிகிறேன் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் எனக்கு அந்த ஊரில் ஆள் இருந்தது.

"பஹேலோ சகோ பாடோஷி" என்பார்கள். முதல் சொந்தம் பக்கத்து வீட்டுக்காரர்.

13 நவம்பர் 2024

நேற்று எழுதினதைப் படித்துவிட்டு ஒருவர் "கேட்கவே ஆசையாக இருக்கிறது, நானும் அங்கே பிறந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அதனால் இதையும் எழுதியாக வேண்டும்.

1998 கடைசியில் எனக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். வெளியே வாங்கி, துணிப்பையில் சுற்றி, படியேறி, சன்னலைச் சாத்திக்கொண்டு அவித்தேன். ஓட்டைத் தாளில் பொதிந்து குப்பையில் போட்டேன். நாலாம் நாள் வீட்டுச் சொந்தக்காரர் மேலே வந்தார். நின்றுகொண்டே பேசினார். இது வைஷ்ணவர்களும் சமணர்களும் இருக்கிற போள், பஞ்ச்சில் (போள் பஞ்சாயத்தில்) பேச்சு வந்திருக்கிறது, நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

குப்பையைப் பார்த்தது பாபி.

மூன்று வாரம் கிண்ணம் வரவில்லை. நான் அனுப்பின ஒரு கிண்ணம் அப்படியே, தொடாமல், அவர்கள் வீட்டுப் பையன் கையில் திரும்பி வந்தது. ஓட்லோவில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கும். எனக்கு அப்போது 23 வயசு. அந்த மூன்று வாரத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

என் கணவர் கீழே போய், இனிமேல் வீட்டுக்குள் வராது என்று சொல்லிவிட்டு வந்தார். மறுவாரம் பாபி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. கீரை போட்ட பருப்பு. இரும்புச்சத்துக்கு.

14 நவம்பர் 2024

"இதைத்தான் ஜாதிக் கட்டுப்பாடு என்கிறோம், இதற்கு ஏன் ஒட்டுறவு என்று பேர் வைக்கிறீர்கள்" என்று கேட்டது சரியான கேள்வி. நானும் அதையே பல வருஷம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போள்கள் பெரும்பாலும் ஒரு ஜாதி, ஒரு தொழில் அல்லது ஒரு மதம் சேர்ந்து இருந்தவை. சுதார் என்றால் தச்சர், ஜவேரி என்றால் நகை வியாபாரி. அந்தப் பேரிலேயே இடங்கள் இருக்கின்றன. பழைய வழக்கப்படி போளுக்குள் இருக்கிற வீட்டை விற்க வேண்டும் என்றால் முதலில் போள்காரர்களைக் கேட்க வேண்டும். வெளியாளுக்கு நினைத்தபடி விற்க முடியாது. விற்றால் போள் நிதிக்கு ஒரு பங்கு. அந்த நிதியில்தான் வாசல் பழுது, காவல் கூலி, சந்து சுத்தம் எல்லாம் நடக்கும். ஆக, ஒற்றுமைக்குப் பணம் எங்கிருந்து வந்ததோ, யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரமும் அங்கிருந்தே வந்தது.

என் மாதிரி வெளியூர்க்காரிக்கு மூன்றாம் மாடி கிடைத்ததே, அந்தக் கட்டு தளர்ந்துபோனதால்தான். வசதியானவர்கள் சாபர்மதி ஆற்றுக்கு மேற்கே போகத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. 1892இல் எல்லிஸ் பாலம் வந்தது, பிறகு அந்தப் பக்கம் சொசைட்டி வீடுகள், அதாவது கூட்டுறவுச் சங்கக் குடியிருப்புகள் எழும்பின. காலியான மாடிகளுக்கு வாடகைக்காரர்கள் வந்தார்கள். இன்னும் இறுக்கமாக இருந்த நாளில் போயிருந்தால், முட்டை வரைக்கும்கூட விஷயம் போயிருக்காது. வாசலிலேயே திருப்பியிருப்பார்கள்.

17 நவம்பர் 2024

பூகம்பத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

2001 ஜனவரி 26, காலை 8.46. குடியரசு தினம். நான் கீழே முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு 13 மாசம், மூன்றாம் மாடியில் தொட்டிலில் தூங்குகிறாள். கணவர் கொடியேற்றத்துக்குப் போய்விட்டார். முதலில் சத்தம். லாரி சந்துக்குள் வருகிறதோ என்று நினைத்தேன், அந்தச் சந்தில் ஆட்டோகூட வராது. அப்புறம் குடம் தானாக உருண்டது. வீடு முழுக்கத் தேக்கு உத்திரம், கீல் போட்ட கதவு மாதிரி அவ்வளவும் கிரீச்சிட்டது. படிக்கு ஓடினேன். கயிறு கையில் நிற்கவில்லை. இரண்டு படி ஏறினேன், விழுந்தேன், திரும்ப ஏறினேன்.

எதிர்ச்சந்து வழியாக பாபி என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். அங்கே மாடிக்கு மாடி ஒரு எட்டுத்தான். நேரே எங்கள் மாடிக்குத் தாண்டி, கதவைத் தள்ளி, பிள்ளையை எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டுப் படி வழியாக இறங்கியிருக்கிறார்கள். எங்கள் மாடிக்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பது அவர்களுக்குத் தெரியும். தொட்டில் எந்த உத்திரத்தில் தொங்குகிறது, அந்த நேரத்துக்குப் பிள்ளை தூங்குவாள், நான் கீழே இருப்பேன், எல்லாம் தெரியும்.

எங்கள் போளில் ஒரு கைப்பிடிச்சுவர் விழுந்தது, ஒரு மாடத்தில் விரிசல். அவ்வளவுதான். மரச்சட்டமும் செங்கல்லும் கலந்து கட்டின வீடு ஆடும், ஆனால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்று பிறகு பொறியாளர்கள் விளக்கினார்கள். ஊரின் புதுப் பகுதிகளில்தான் பல மாடிக் கட்டிடங்கள் இடிந்து ஆட்கள் இறந்துபோனார்கள். மணிநகரிலும் இடிந்தது. பஞ்சாலை வேலைக்கு வந்து தலைமுறை கண்ட தமிழர்கள் அந்தப் பக்கம் நிறைய. எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம், ஐந்து பேர், உடுத்தின துணியோடு அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு அறையில் எட்டுப் பேர், 16 நாள். அந்த 16 நாளும் காலையில் எங்கள் வாசலில் கிண்ணங்கள் இருந்தன. வந்தவர்கள் என்ன ஜாதி, என்ன சாப்பிடுவார்கள் என்று ஒருவர் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். என் குப்பையைக் கிளறின கண்ணும் என் தொட்டிலைத் தெரிந்துவைத்திருந்த கண்ணும் ஒரே கண். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.



  

24 நவம்பர் 2024

முதல் நாள் எழுதின ஒன்றைத் திருத்த வேண்டும். ராத்திரி 11 மணிக்கு வாசலை அடைப்பார்கள் என்று எழுதியிருந்தேன். என் கணவர் இன்று இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு, "அந்தக் கதவு எப்போது அடைத்தது? துருப்பிடித்து நின்றது, அதில்தானே சைக்கிள் சாத்துவேன்" என்றார்.

அவர் சொல்வதுதான் சரி. கதவு அடைத்தது 2002 கலவரத்தின்போது மட்டும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி, ஊரடங்கு இருந்த வாரங்களில். கீலுக்கு எண்ணெய் போட்டு, நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அந்தச் சத்தம் என் மனதில் ஆறு வருஷத்துக்கும் பரவிவிட்டிருக்கிறது.

அப்படியானால் "உள்ளே ஒரு பயமும் இல்லை" என்று எழுதினதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பயந்துதான் அடைத்தோம்.

25 நவம்பர் 2024

பின்சுவருக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் மொகல்லா. அங்கேயும் இதே அமைப்புத்தான்: வாசல், சந்து, திண்ணை, ஒட்டின சுவர். போள் என்றால் இந்துக்கள் மட்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அது தவறு. முகலாயரும் மராட்டியரும் அந்த ஊருக்காக மோதிக்கொண்ட 18ஆம் நூற்றாண்டில் எல்லா மதத்துக்காரர்களும் இப்படித்தான் வாசல் வைத்து வாழ்ந்தார்கள்.

குளிர் தொடங்கும்போது அங்கிருந்து ஒரு பெரியவர் எங்கள் சந்துக்கு வருவார். பஞ்சு அடிக்கிறவர். பெரிய வில்லின் நாணைத் தட்டித் தட்டி, ரஜாயிக்குள் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) கட்டிப்போன பஞ்சை உதிரியாக்குவார். டிங் டிங் என்று சத்தம் கேட்டதும் எல்லா வீட்டு ரஜாயியும் ஓட்லோவுக்கு வந்துவிடும். என் மகள் அந்தச் சத்தத்துக்கு ஆடுவாள். அவருக்கு டீ கொடுப்பார்கள். தனி டம்ளரில். நானும் தனி டம்ளரில்தான் கொடுத்தேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

2002 குளிருக்கு அவர் வரவில்லை. 2003க்கும் வரவில்லை. யாரும் போய் விசாரிக்கவில்லை. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்துவைத்திருந்த போள் அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளவில்லை. நானும் அந்தப் போளில்தான் இருந்தேன்.

கலவரப் பகுதிகளில் சொத்தை விற்க மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1986இல் வந்து 1991இல் மாற்றி எழுதப்பட்டது. பயத்தில் அடிமாட்டு விலைக்கு யாரும் விற்றுவிட்டு ஓடக் கூடாது என்பதற்காக. ஆனால் நடைமுறையில் ஒரு மதத்துக்காரர் வீட்டை இன்னொரு மதத்துக்காரர் வாங்குவதை அது இன்னும் கஷ்டமாக்கிவிட்டது. பழைய பஞ்ச் கேட்ட கேள்வியைத்தான் இப்போது அலுவலகம் கேட்கிறது.

2 டிசம்பர் 2024

இப்போது போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. மாநகராட்சி 1997 நவம்பர் 19இல் தொடங்கின பாரம்பரிய நடைபயணம் இருக்கிறது. காலூப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும். வழியில் குஜராத்திக் கவி தல்பத்ராம் வீடு இருந்த இடம் வரும், திண்ணையில் அவர் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். 2017இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது, இந்தியாவில் முதல் நகரம். மாணேக் சவுக்குக்கு ராத்திரி போங்கள், பகலில் நகைக்கடை, ராத்திரியில் முழுக்கச் சாப்பாடு.

வீட்டு முகப்பு மரச் செதுக்கலைப் பார்க்கும்போது ஓட்லோவையும் பாருங்கள். ஆள் உட்கார்ந்து தேய்ந்த கல்லும் உட்காராத கல்லும் பார்த்த உடனே தெரியும்.

15 ஜனவரி 2025

நேற்று உத்தராயண். பொங்கல் வைத்து முடித்துவிட்டு பாபிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே கூச்சல், "காய்ப்போ சே", பட்டம் அறுபட்டுவிட்டது என்று மாடிக்கு மாடி கத்துவார்களே, அது. கேட்டதும் அந்த மாடியில் உந்தியுவும் (குளிர்காலக் காய்கறிக் கூட்டு) ஜிலேபியும் ஒரே தட்டில் வைத்துத் தின்ற நாளெல்லாம் வந்துவிட்டது. அந்த ஒரு நாள் மாடிகளுக்கு நடுவே எல்லையே கிடையாது, யார் வீட்டு மாடியில் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இப்போது இரண்டு நாளைக்கு மாடியை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். பாபி வீட்டு மாடியில் நேற்று வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். எங்கள் சந்தில் 11 வீட்டில் நாலில்தான் குடித்தனம். நாங்கள் இருந்த வீட்டின் கீழ்த்தளம் துணி கிடங்கு. டாங்கா மேல் மூட்டை அடுக்கியிருக்கிறது. கரும்பலகை இருக்கிறது, எழுத ஆள் இல்லை, செய்தி போனில் வந்துவிடுகிறது.

பஞ்சு அடிக்கிற பெரியவரைப் பற்றிக் கேட்டேன். இருபது வருஷம் கழித்துக் கேட்கிறேன். பாபி கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாருக்கும் தெரியாது பேன்" என்றார்கள். (பேன் என்றால் குஜராத்தியில் சகோதரி.)

அப்புறம் அவர்களாகவே கேட்டார்கள், இப்போது வீட்டில் முட்டை சமைக்கிறாயா என்று. சமைக்கிறேன் என்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேரன் வீட்டிலும் பண்ணுகிறார்களாம். "நான் போனால் பால்கனியில் உட்கார்ந்திருப்பேன். அவன் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருவான்" என்றார்கள். மகளுக்கு இப்போது ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்டார்கள். எண்ணைச் சொன்னேன். போதாது, கீரை போடு என்றார்கள்.